உடுத்தப் போகிறவளின் அளவு

மீட்டர்காரர் வீட்டுக் கைமெஷின் அளவு கொடுத்தவருக்குத் தைக்காது, உடுத்தப் போகிறவருக்குத்தான் தைக்கும். பெரும்பாலும் இருவரும் ஒரே ஆளாக இருந்துவிடுவதால் தெருவில் இதை யாரும் பெரிய சங்கதியாக நினைக்கவில்லை. குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வரும், மூலை வீட்டு நாய் சைக்கிளைப் பார்த்தால்தான் குரைக்கும், இந்த மெஷின் இப்படித்தான் தைக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எப்போதாவது ஒருமுறைதான் அளவு பிசகும். தபால்காரர் நெட்டையான மனிதர். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை டேப் வைத்து அளந்து, ஓரத்துக்குத் தாராளமாக விட்டு வெட்டித் தைத்த கால்சட்டை, முடித்து உதறிப் பார்த்தபோது அவர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. துணி சுருங்கவும் இல்லை, தரையில் வெட்டுத்துண்டு மிஞ்சிக் கிடக்கவும் இல்லை. முழுதாக உள்ளே போன துணி குட்டையாக வெளியே வந்தது, அவ்வளவுதான். தபால்காரர் அதை மடித்துப் பெட்டியில் வைத்தார். அந்த மழைக்காலத்திலேயே அவருடைய மச்சான், அவர் தோளுக்குக் கீழே நிற்கிற ஆள், வேலை தேடி நனைந்த துணியோடு வந்து இறங்கி, அதைப் போட்டுக்கொண்டு போய் வேலையும் வாங்கிவிட்டான். கல்யாணப் பெண் ஒருத்திக்குத் தைத்த வெள்ளை உடுப்பு அவள் தங்கையின் அளவில் வந்தபோது மட்டும் கொஞ்சம் கலவரமாகிவிட்டது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவர் பாவம், தங்கையின் முகத்தை அதுவரை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அந்த விசாரணையின்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. குட்டையாகத் தைத்தால் குட்டையானவன்தானே போடுவான், இதில் என்னய்யா அதிசயம் என்று பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவரும் தன் சட்டைகளைப் பக்கத்து ஊரில் கொடுத்துத்தான் தைத்துக்கொண்டார்.

மெஷின் மீட்டர்காரருடைய அத்தையின் சொத்து. அப்பாவோடு கூடப்பிறந்தவள். துணியைக் குத்தியதைவிட ஆளைக் குத்தியது அதிகம் என்பதால் ஊசி அத்தை என்று பெயர். அவளுக்கு முன்பே இரண்டு பேர் கையில் சுழன்றது அது. கறுப்பு உடம்பின் குறுக்கே ஒரு காலத்தில் பொன்னிறக் கொடி ஓடியிருக்கிறது. மணிக்கட்டு உரசி உரசி இப்போது இரண்டு இலைதான் மிச்சம். சக்கரத்துக் கைப்பிடிக் கட்டை பல் போன ஈறுபோல வழவழவென்று இருக்கும். கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் அத்தை அதை முதலில் தன் மகளுக்குத்தான் கொடுக்கப் பார்த்தாள். வெளியூரில் மாடிவீட்டில் இருக்கிற மகள், அது வந்தால் நான் உடுத்துகிற ஒவ்வொன்றும் என்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எனக்கு வேண்டாம்மா, எனக்கு நிம்மதி போதும் என்று சொல்லியனுப்பிவிட்டாள். ஆகவே அது அண்ணன் மகனான மீட்டர்காரரின் மனைவிக்கு வந்து சேர்ந்தது.

அவள் சும்மாவே சந்தேகப் பிராணி. கடைக்காரர் ஒரு பழம் கூடுதலாகப் போட்டால், இதில் அழுகல் எது என்று தேடுகிறவள். பெற்ற மகளே வேண்டாமென்ற பொருளைக் கேட்காமலே தூக்கிக் கொடுத்தால் அப்படியே வாங்கி வைத்துக்கொள்வாளா? கவிழ்த்துப் பார்த்தாள், அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். பஞ்சுப் பிசிறும் ஒரு எலும்புப் பொத்தானும் விழுந்தன. அத்தை கட்டிலில் படுத்தபடியே கழற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்லடி. திருகாணியத் தொலைச்சிடாத."

"எனக்கு எதுக்கு அத்தை குடுக்குறீங்க?"

"உன் புருஷன் சட்டை கை எல்லாம் கிழிஞ்சு கிடக்கு, அதுக்குத்தான்."

"இது யாருக்குத் தைக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கே பாதி நேரம் தெரியல. உனக்கு மட்டும் தெரிஞ்சிடப் போகுதாக்கும்."

அத்தையை மகள் வந்து அழைத்துப் போனாள். மெஷின் ஜன்னலோர மேசையில் நின்றது. அண்ணன் மகனின் மனைவி என்று நீட்டிச் சொன்ன தெரு, ஒரு வருஷத்துக்குள் அவளைத் தையல்காரி என்று சுருக்கிக்கொண்டது. வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளி, தெருவில் பிறந்தது வளர்ந்தது எல்லாவற்றுக்கும் அவள் தைத்தாள். ஆள் வாட்டசாட்டம். பேருந்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு குடைதான் உட்கார முடியும். ஊரில் எல்லாருடைய அளவும் அவளுக்கு மனப்பாடம். தன் அளவை மட்டும் கல்யாணமான வருஷத்தில் ஒருமுறை எடுத்ததோடு சரி. அதை வைத்தே வெட்டுவாள், மெஷின் எப்படியோ சரியாகத் தைத்துக் கொடுத்துவிடும். அவள் புருஷன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் கொல்லைப்புறம் வரை போகிற உரிமை வைத்தியருக்கு அடுத்து அவருக்குத்தான். வாய் மட்டும் கிடையாது. "இருக்கு", "இல்ல", "பாக்கலாம்" என்கிற மூன்று சொற்களிலேயே அவர் குடும்பம் நடத்திவந்தார். அவர் பேசாததையும் சேர்த்துப் பேச ஒருத்தி இருந்தாள். பின்தெருக் காஜாக்காரி. தையல்காரி தைக்கிற சட்டைகளுக்கெல்லாம் கையாலேயே பொத்தான்துளை வெட்டிக் காஜா எடுத்துப் பொத்தான் வைத்துத் தருகிறவள். ஒடிசலான உடம்பு, கொழுத்த பேச்சு. வாரம் ஒருமுறை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, அக்கா அக்கா என்று ஊரில் நடந்ததையும் நடக்காததையும் கொட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். இப்படியே பல வருஷம் ஓடிற்று.

ஒருநாள் மீட்டர்காரர் வேலை முடிந்து வரும்போது கரும்பச்சைத் துணி ஒன்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். அவள் கேட்கவில்லை, அவருக்கு அது பழக்கமும் இல்லை. அதுவே அவளுக்கு நெருடிற்று. இருந்தாலும் நல்ல துணி. கையில் எடுத்தால் வழியாமல் நிற்கிற துணி. தன் அளவுக்கு வெட்டி, காலர் வைத்து, முழுக்கையாகத் தைத்தாள். முடித்து உதறியபோது அது அவளுடையதாக இல்லை.

சட்டையை மேசையில் விரித்தால் தையல்காரிக்கு அதில் ஆள் படுத்திருப்பது தெரியும். இதில் படுத்திருந்தவள் குச்சிபோல ஒருத்தி. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே ஒடுக்கம். முதுகுப் பக்கம் முன்பக்கத்தைவிட நீளம், அதனால் கொஞ்சம் கூனல். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறக்கம். தையல்காரி கையை விட்டுப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. என் புருஷன் வாங்கிவந்த துணியை, என் அளவுக்கு நான் வெட்டியதை, எவளோ ஒருத்தி போட்டுக்கொண்டு நிற்கப் போகிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. யார் அது, எந்த வீட்டுக் கொல்லையில் இருக்கிறாள் என்பதுதான் பாக்கி.

அன்று சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பச்சைத் துணி யாருக்கு வாங்குனீங்க?"

"உனக்குத்தான்."

"நான்தான் போடப் போறேனா?"

"பாக்கலாம்" என்றார் மீட்டர்காரர்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அதற்கு மேல், கை கழுவிவிட்டு வந்தவர் மேசையில் கிடந்த சட்டையைக் கண்டு நின்றதையும் அவள் பார்த்தாள். நின்றவர் வெகுநேரம் நின்றார். விரலால் அந்தத் தோளைத் தொட்டார். முகம் சுண்டிப்போய் வெளியே போனார். குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மறுநாளே அவருக்கு ஒரு சட்டை வெட்டித் தைத்துப் பார்த்தாள். வீட்டை விட்டுப் போகிறவராக இருந்தால் அது வேறு எவனுக்காவது ஆகியிருக்க வேண்டும். ஆனால் அச்சு அசலாக அவர் அளவிலேயே வந்தது. இன்னொருத்தி என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவளுக்குச் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. ஆள் எங்கும் போகப் போவதில்லை, அவளைத்தான் இங்கே கொண்டுவரப் போகிறார்.

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே இருக்கிற முகத்தைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும், தட்டு அப்படியே இருக்கும். மெஷின் தவறியிருக்குமோ என்று பழைய துணிகளை எடுத்துத் தனக்கென்று வெட்டி வெட்டித் தைத்தாள். பழுப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, ஜன்னல் திரையைக் கழற்றி ஒன்று. எல்லாம் அந்தக் கூனல் குச்சிக்கே வந்தன. வேலை செய்கிற நேரத்தில் வாடிக்கைக்காரர் துணி காத்துக் கிடக்க, அவள் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்டிக்காரிக்கு ஒரு பெட்டித் துணி சேர்த்துவிட்டாள். இடையில் தேடலும் நடந்தது. யாரோ வாங்காமல் விட்டுப் போன சட்டை, உங்களுக்கு ஆகுதான்னு பாருங்க, சும்மாவே எடுத்துக்கலாம் என்று வருகிற பெண்களையெல்லாம் கூப்பிட்டுப் பச்சைச் சட்டையை மாட்டிப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரரின் தங்கைக்கு அகலம் சரி, தோள் இரண்டும் தராசுபோல நின்றன. நூலகத்தில் முத்திரை குத்துகிறவளுக்கு வலது தோள் இறக்கம்தான், ஆனால் நெஞ்சுக்கு மேல் மூடவில்லை. கடிகாரக்கடை விதவைக்குக் கூனல் இருந்தது, கை இரண்டும் சட்டைக்கையைத் தாண்டி ஒரு சாண் நீண்டன. இலவசமாகக் கிடைக்கிறதென்று ஆசையாய் வந்த பெண்கள் கொஞ்ச நாளில் விஷயம் புரிந்துகொண்டார்கள். மீட்டர்காரர் வாசலில் வந்து நின்றால் அவர்கள் வீட்டு ஆண்கள் கூடவே கொல்லைவரை வந்து அவரையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தெருவில் தோளை ஒருபக்கமாகச் சாய்த்து நடக்கவே பெண்கள் பயந்தார்கள். காய்கறிப் பையைக்கூட இரண்டு கைக்கும் சமமாகப் பிரித்துத் தூக்கினார்கள்.

கடைசியில் பக்கத்திலேயே இருந்தவள்மேல் கண் போயிற்று. ஒடிசல், கூனல், வாரம் தவறாமல் வீட்டுக்குள் வருகிறவள். மூட்டை கனமாக இருக்கிற நாளில் மீட்டர்காரர் அதைச் சைக்கிளில் வைத்துப் பின்தெரு வரை கொண்டுபோய்க் கொடுப்பதும் உண்டு. இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தையல்காரிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த வாரம் காஜாக்காரி வந்ததும் கதவைச் சாத்தினாள். பச்சைச் சட்டையை நீட்டினாள்.

"போடு."

காஜாக்காரிக்கு ஊர்ப்பேச்சு தெரியும். முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"என்னையுமாக்கா?"

"போடுன்னா போடு."

போட்டாள். கை சரியாக ஏறியது, முதுகு சரியாகப் படிந்தது. ஆனால் தோளில் வந்து மாட்டிக்கொண்டது. வலதுபக்கம் துணி இழுத்துப் பிடித்தது, இடதுபக்கம் பையாகத் தொங்கியது. எல்லாம் தலைகீழ்.

"எனக்கு இடது தோள்தான்க்கா இறக்கம்" என்றாள் காஜாக்காரி, இறுகிய குரலில். "முட்டிமேல துணிய வெச்சுக் குனிஞ்சு காஜா எடுக்குறவளுக்கு இடதுதான் இறங்கும். வலது இறங்கணும்னா அவ கைமெஷின் சுத்துறவளா இருக்கணும். இத்தனை வருஷம் தைக்கிற, இதுகூடத் தெரியாதா?" சட்டையைக் கழற்றினாள். "உன் வீட்டுல வந்து எத்தனை நாள் தண்ணி குடிச்சிருப்பேன். இனிமே எங்க வீட்டு மீட்டரப் பாக்க வேற ஆள அனுப்பச் சொல்லு."

போகிறவள் பச்சைச் சட்டையையும் மூட்டையில் போட்டுக்கொண்டாள். அதை எதற்கு எடுக்கிறாய் என்று தையல்காரி மறித்ததற்கு, காஜா இல்லாமல் ஒரு உருப்படியும் என் கையை விட்டுப் போனதில்லை, எவ போட்டாலும் சரி, பொத்தான் போட்டுத்தான் போடட்டும் என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். பல வாரம் அவள் வரவேயில்லை. காஜா இல்லாத சட்டைகள் நாற்காலியில் குவிந்தன.

கைமெஷின் சுற்றுகிறவள் என்றதும் தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாராவதாக இருந்தால் தன் தோளைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அறையிலிருந்த ஆளுயரக் கண்ணாடி வாடிக்கைக்காரருக்கானது. அதில் தன்னைப் பார்க்காமல், எப்போதும் அதற்கு முன்னால் நிற்பவரின் முதுகுத் தையலைப் பார்த்தே பழகியவள் அவள். ஆகவே அவள் கண்டுபிடித்தது வேறு. எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் இன்னொரு கைமெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. புருஷனும் போச்சு, தொழிலும் போச்சு, இரண்டையும் ஒருத்தியே கொண்டுபோகிறாள். சந்தைத் தையல்கடையில் எல்லாம் கால்மெஷின், ஓட்டுகிறவர்கள் ஆண்கள். சீருடைக் கடையில் மின்சார மெஷின். அப்படியானால் மறைவாக வைத்திருக்கிறாள். அவள் தெருத்தெருவாக நடந்து சுவர்களில் காதை வைத்துக் கேட்டாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம், குழந்தை இருமுகிற சத்தம், புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் கேட்டது. சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. அவள் இருக்கிற இடத்தில் அது நின்றுவிடுகிறது, அவ்வளவு கெட்டிக்காரி என்று முடிவு செய்தாள்.

இதற்கு நடுவில் பால் ருசி மாறிற்று. கொஞ்ச காலமாகவே மீட்டர்காரர் காலையில் தானே பால் காய்ச்சி அவள் மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். பாலில் துருப்பிடித்த ஆணியைச் சப்பினாற்போல ஒரு ருசி. ஓஹோ, இந்த அளவுக்கு வந்துவிட்டதா என்று அவள் அதை ஜன்னல் தொட்டியில் ஊற்றினாள். அந்தத் தொட்டியில் இருந்த செடி செத்துப்போய்க் கிடந்தது. ஊற்ற ஊற்ற அது உயிர்பிடித்தது. ஒரு மாதத்தில் தண்டு மணிக்கட்டுப் பருமன் ஆயிற்று. இலைகள் தட்டகலத்தில் வந்து ஜன்னல் கதவைச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டு வெளியே போயின. அடுத்த வீட்டுக்காரர், வெயில் மறைக்கிறது, கொஞ்சம் வெட்டிவிடக்கூடாதா என்று வந்து கேட்டார். செடிக்கு ஆகிற விஷம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மதியம் அவள் அவர் பின்னாலேயே போனாள். மீட்டர்காரர் நேராக மருந்துக்கடைக்குப் போனார். மருந்துக்கடைக்காரரின் தங்கை ஏதோ கேட்டாள், அவர் தலைகுனிந்து பதில் சொன்னார். அவள் காகிதத்தில் சுற்றிய பாட்டில் ஒன்றைக் கொடுத்து அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். அவர் அதைப் பையின் அடியில், மீட்டர் மூடி திறக்கிற சாவிக்குக் கீழே வைத்து மறைத்தார். வீட்டுக்கு வந்து அவர் பையை ஆணியில் மாட்டுவதற்குள் தையல்காரி அதை வாங்கிக் கவிழ்த்தாள்.

"பால்ல என்ன கலக்குறீங்க?"

"சத்து மருந்து."

"யாரு சத்தா இருக்கறதுக்கு?"

"நீதான். வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். அவள எங்க வெச்சிருக்கீங்க?"

"எவள?"

"அந்தச் சட்டைக்காரிய."

மீட்டர்காரர் நாற்காலியில் குவிந்திருந்த சட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் பேசினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசியதுபோல இருந்தது. அந்தச் சட்டை என்றைக்கு அவள் அளவில் இல்லாமல் வந்ததோ அன்றிலிருந்து தனக்குத் தூக்கமில்லை என்றார். பெண்டாட்டி தனக்கென்று தைத்ததை இன்னொருத்தி எப்போது போடுவாள்? பெண்டாட்டி போன பிறகுதானே போடுவாள்? அவளானால் சாப்பிடாமல் கொள்ளாமல் கண்ணுக்கு முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தாள். வைத்தியரிடம் கேட்டால் ஆளைக் கூட்டிவா என்றார், இவளோ புருஷனையே கிட்டச் சேர்க்கவில்லை. வேறென்ன செய்வது? அவரும் தேடினாராம். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பார்க்கிற சாக்கில் அந்தத் தோளைத்தான் தேடினாராம்.

"கண்டா என்ன செய்யறதா இருந்தீங்க?"

"அந்த வீட்டுப் பக்கமே அப்புறம் போகக்கூடாதுன்னு" என்றார். "மீட்டர் எவ்வளவு ஓடினாலும் ஓடட்டும்னு."

தையல்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்வதற்குள் கதவு திறந்தது. காஜாக்காரி. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பச்சைச் சட்டையைக் கொண்டுவந்திருந்தாள். காஜா ஒவ்வொன்றும் அரிசிமணி கோத்ததுபோல இருந்தது, கோபத்தில் எடுத்த காஜா என்று யாரும் சொல்ல முடியாது. தையல்காரியை மேலும் கீழும் பார்த்தாள். அவள் உடுத்தியிருந்த பழைய சட்டை கொடியில் காய்வதுபோல அவள்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொடிக்கம்பத்துக்குச் சட்டை மாட்டின மாதிரி நிக்கிற" என்றாள். "இந்தா, இதப் போடு. என்னப் போடச் சொன்னியே, இப்ப நான் சொல்றேன். போடுன்னா போடு."

தையல்காரி போட்டாள். கை ஏறியது. முதுகு வளைந்த இடத்தில் துணியும் வளைந்தது. வலது தோள், ஒரு விரற்கடை இறக்கத்தில், தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கழுத்திலிருந்து கீழே ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே வந்து, கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு அவள் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். அந்தக் குச்சியை, அந்தக் கூனலை, இத்தனை மாதமாகத் தெருத்தெருவாகத் தேடியவளை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து கிழிந்துபோன தன் பழைய சட்டைகளையெல்லாம் எடுத்துத் தோளோடு தோள் வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் வலது பக்கம் இறங்கித்தான் இருந்தது. உடம்புக்கு உறுத்தாததால் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

மீட்டர்காரர் மருந்துப் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தார். காஜாக்காரி நாற்காலியில் குவிந்திருந்ததை எண்ணாமல் மூட்டை கட்டிக்கொண்டு, கொஞ்சம் தண்ணி குடு என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். பெட்டி நிறையச் சேர்ந்திருந்த பழுப்பு, நீலம், ஜன்னல் திரை எல்லாம் தையல்காரிக்கே ஆயிற்று. அந்த வருஷம் அவளைப்போல விதவிதமாக உடுத்தியவள் தெருவில் வேறு ஒருத்தியும் இல்லை. சந்தேகப்பட்ட பெண்களிடமெல்லாம் வீடு வீடாகப் போய், ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவர்களும் சரியென்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர்களில் சிலர் காய்கறிப் பையை இரண்டு கைக்கும் பிரித்துத் தூக்குகிற பழக்கத்தை அப்புறமும் விடவில்லை.

வருஷங்கள் போயின. அவள் வலது தோள் ஒரு விரற்கடையிலிருந்து இரண்டுக்கு இறங்கி, பிறகு ஒருநாள் சக்கரத்தைச் சுற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டது. மெஷினை அவள் காஜாக்காரிக்குக் கொடுத்தாள். தெருவுக்கு இது பொறுக்கவில்லை. எவளைச் சந்தேகப்பட்டாளோ அவளிடமே கொடுக்கிறாள் என்றால் இதில் ஏதோ இருக்கிறது என்றார்கள். பழைய பாவத்துக்குப் பரிகாரம் என்று ஒரு கட்சி, பழைய கோபத்துக்குப் பழிவாங்கல் என்று இன்னொரு கட்சி. காஜாக்காரிக்கும் சந்தேகம் வராமல் இல்லை. மீட்டர்காரர் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து இறக்கியதும் அவளும் முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தாள். அளவு மாறி வந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, மடித்துக் கொடு, முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொள் என்றாள் தையல்காரி.

முதல் துணியாகத் தையல்காரிக்கே ஒரு சட்டை தைத்துத் தருவதாகக் காஜாக்காரி சொன்னாள். சாம்பல்நிறத் துணி. டேப் வைத்து ஒழுங்காக அளவெடுத்தாள், இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்தாள். வாரக்கடைசியில் மடித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது அவள் முகம் மிகச் சாதாரணமாக இருந்தது, அதிலேயே தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் விரித்தாள். அகலமான சட்டை. நல்ல அகலம். தையல்காரியைப்போல இரண்டு பேர் உள்ளே நின்று பேசிக்கொண்டிருக்கலாம். தோள் இரண்டும் சமமாக, நிமிர்ந்து, வேலை வெட்டி இல்லாத தோள்களாக இருந்தன.

அந்தச் சட்டை ஆகக்கூடிய உடம்பு இப்போதைக்குத் தெருவில் ஒன்றுதான் இருந்தது. ரொட்டிக்கடைக்காரருடைய அக்கா, புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து இருப்பவள். நல்ல மனுஷி, கலகலவென்று சிரிப்பவள். மீட்டர்காரர் வேலையிலிருந்து நின்ற பிறகு காலையில் ரொட்டி வாங்க அவர்தான் போகிறார். வாங்கிவருவதற்கு வரவரக் கொஞ்சம் நேரமும் ஆகிறது. தையல்காரி சட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். தையல் நன்றாக விழுந்திருக்கிறது, காலர் மட்டும் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும் என்று காஜாக்காரியிடம் சொன்னாள். யாருக்கு என்று கேட்கவில்லை. அதை மடித்து அலமாரியில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் புருஷன் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் போடுங்க" என்றாள். "நிறையப் போடுங்க. அவளுக்கு முன்னாடி நான் அந்தச் சட்டைக்குள்ள போயாகணும்."

மீட்டர்காரர் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டார்.